காக்கா போட்ட சாளை

எங்கள் ஊர்க்காரர்கள் இருநூறு பேருக்கு ஒரே நிமிஷத்தில் காது கேட்காமல் போனது. நானும் அதில் ஒருவன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், குழித்துறை ஆற்றங்கரை மைதானத்தில் அது நடந்தது. அப்போது நாங்கள் திருக்கொச்சி ராஜ்யத்தில் இருந்தோம். எனக்கு இருபத்துமூன்று வயது. சந்தை முக்கில் அப்பாவின் பலசரக்குக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடை வேலை போக மிச்சமிருந்த நேரம் முழுக்க டவுண் புட்பால் டீமுக்குப் பின்னால் திரிவேன்.

டீமுக்கு ஒரு கமிட்டி இருந்தது. ஓட்டுச் சூளை முதலாளி தலைவர். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், என் அக்காளைக் கட்டிய அத்தான், பிறகு நான். எனக்குக் கொடுத்த வேலை ஹாப் டைமில் சம்பாரம் ஊற்றுவது. மோரில் இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப்போட்டு ஒரு செப்புக்குடம் நிறைய எடுத்துப் போவேன். இரண்டு பித்தளை டம்ளர். அந்த இரண்டும் பத்துப் பேர் கையில் சுற்றி வரும். பதினோராவது ஆளுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பேன். அப்படிக் கொடுக்கச் சொல்லி யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. முதல் நாள் நானாகத்தான் போய்ச் சிரட்டையைத் தேடி எடுத்து வந்தேன்.

அந்தப் பதினோராவது ஆள் எங்கள் லெப்ட் அவுட், இடது ஓரத்தில் ஆடுகிறவன். கடலோரம் இருக்கிற கடியப்பட்டணத்துக்காரன். அங்கே வேதக்கோயில் திருநாளுக்கு மணலில் பந்து விளையாடியவனை அத்தான் பார்த்துவிட்டு வந்து முதலாளியிடம் சொன்னார். மணலில் அந்த ஓட்டம் ஓடுகிறவன் தரையில் என்ன ஓட்டம் ஓடுவான் என்று கேட்டார். முதலாளி ஆள் அனுப்பினார். சூளையில் ஓடு அடுக்குகிற வேலை, தங்குவதற்குச் சூளைக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு, டீமில் இடம். அவன் உடனே வந்துவிட்டான். அவன் அப்பனைக் கடல் கொண்டுபோய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. கட்டுமரத்தில் போனவரின் வேட்டி கூடத் திரும்பி வரவில்லை. மகன் கடலுக்குப் போகாமல் கரையில் ஒரு வேலை பார்க்க வேண்டும் என்பது அவன் அம்மையின் ஒரே பிடிவாதம். அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பந்துக்காக வந்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவன் கடலிலிருந்து தப்பி வந்தவன்.

செருப்பில்லாத கால்தான் எல்லோருக்கும். அவன் இடது காலில் பந்து போய் ஒட்டிக்கொள்ளும். அந்த வருஷம் சுழற்கோப்பைப் போட்டியில் நாங்கள் பைனல் வரைக்கும் போனதற்கு அவன் ஒருவனே காரணம்.

பைனலுக்கு முந்தின போட்டியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நெய்யாற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு டீம் வந்திருந்தது. அவர்களோடு மூன்று பஸ் நிறைய ஆட்கள். எங்கள் கோலி ஒரு பந்தை விட்டபோது மைதானத்தின் அந்தக் கரையிலிருந்து ஒருவன் "பனையேறி" என்று கத்தினான். பிறகு பத்துப் பேர் கத்தினார்கள். எங்கள் பாட்டன்மார் பனை ஏறியவர்கள்தான். அதில் வெட்கப்பட ஒன்றும் கிடையாது. ஆனால் அப்படிக் கத்துகிறவன் பனையையா நினைத்துக் கத்துகிறான்? கோயில் தெருவில் நடக்காதே, பெண்கள் மாரில் துணி போடக்கூடாது என்று ஒரு காலத்தில் எங்களைச் சொன்னார்களே, அதை நினைத்துக் கத்துகிறான். எங்களுக்கு ரத்தம் கொதித்தது. ஆட்டத்தை நிறுத்தினோம். ரெப்ரியைச் சுற்றி வளைத்தோம். வாத்தியார் நின்ற இடத்திலேயே மனு எழுதினார். சாட்சிக் கையெழுத்து கேட்டபோது நாற்பது பேர் முண்டியடித்தார்கள். நான் ஆறாவதோ ஏழாவதோ போட்டேன். கடைசியில் அவர்கள் கமிட்டித் தலைவர் மைக்கில் வந்து மன்னிப்புக் கேட்டார். எங்கள் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனுஷனை மனுஷனாக மதிக்காத இடத்தில் விளையாட்டு எதற்கு என்று பேசினார். லெப்ட் அவுட்டும் எங்களோடு நின்று கை தட்டினான். அந்த மனுவில் அவன் கையெழுத்தும் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை பைனல். ஹாப் டைமுக்குக் கொஞ்சம் முன்னால், கோல் முன்னே தனியாகக் கிடைத்த பந்தை லெப்ட் அவுட் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டான். எவனுக்கும் நடக்கக்கூடியது. எங்கள் கரையில்தான் சத்தம் கிளம்பியது. மீன் நாற்றம், கடப்புறத்தான், கடலுக்குப் போலே என்று. ஒரு வாய் தொடங்கியது, இருபது வாய் பிடித்துக்கொண்டது. தொடங்கிய வாய் என் வலது தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. என் அத்தானுடைய வாய். அன்று காலையில் சந்தையில் வீட்டுக்கென்று சாளைக் கருவாடு வாங்கிப் பனையோலைப் பொதியாக இடுப்பில் வைத்திருந்தார். அதிலிருந்து ஒன்றை உருவி எறிந்தார். நன்றாகக் குறிபார்த்துத்தான் எறிந்தார். அது அவன் முதுகில் பட்டுக் கீழே விழுந்தது.

அவன் குனிந்து அதை எடுத்தான். ஓடவில்லை, நடந்தே எங்கள் கரைக்கு வந்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று அந்தச் சாளையை உயர்த்திக் காட்டினான்.

"இது ஆரு எறிஞ்சது?"

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். என் முகத்தையும் பார்த்தான். பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்:

"காக்கா கொண்டு போட்டிருக்கும் மக்கா. நீ போய் வெளையாடு."

கரை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வராத சிரிப்பை வரவழைத்துச் சிரித்தேன் என்று எழுதலாம். உண்மையாகவே சிரிப்பு வந்தது.

ஹாப் டைமில் அவன் சிரட்டையைத் தொடவில்லை. நான் ஊற்றி வைத்தேன், அது அப்படியே இருந்தது, எறும்பு ஏறியது. இரண்டாம் பாதியில் இரண்டு கோல் போட்டான். இரண்டும் இடது காலால். கோப்பை எங்களுக்கு. கூட்டம் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடியது. அவனை முதலில் தூக்கித் தோளில் வைத்தது என் அத்தான்தான். நாங்கள் சந்தோஷம் வந்தால் யாரையும் தோளில் ஏற்றுவோம். ஆளைத் தொட்டால் தீட்டில்லை, டம்ளரைத் தொட்டால்தான். அவன் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு சத்தம் காட்டாமல் கீழே இறங்கினான். ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சாய்ப்புக்குப் போய்விட்டான்.

மீதிக் கருவாட்டை அன்றைக்கு அக்காள் கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். நான் அங்கேதான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு, சர்ச்சில் ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. அவன் வந்து நின்றான். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவன் சொன்னது சின்ன விஷயம். எதிர்க்கரைக்காரன் ஏசி விளித்திருந்தால் நான் பேசியிருக்க மாட்டேன், எனக்காகக் கத்த வந்தவர்களே என்னை அப்படி விளித்தார்கள், அது தப்பு என்று போன வாரம் மைக்கில் சொன்ன மாதிரி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றான். ஆளின் பெயர் வேண்டும், தண்டனை வேண்டும் என்று கேட்கவே இல்லை.

பிறகு நடந்தது விசாரணையாம். வாத்தியார் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டார். ஜவுளிக்கடைக்காரர் தாம் அப்போது வெற்றிலை மடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். வெற்றிலை மடித்தால் காது அடைக்குமா என்று யாரும் கேட்கவில்லை. அத்தான், கடப்புறத்தான் என்றால் கடற்கரைக்காரன், அது ஊரைச் சொல்வது, அதில் வசை எங்கே இருக்கிறது என்று கேட்டார். வசையாகவே இருந்தாலும் கோல் போடாத வயிற்றெரிச்சலில் ரசிகன் நாலு வார்த்தை சொல்வான், அதுவும் அன்புதான் என்றார். முதலாளி, வெளியூர்க்காரன் பணம் கொடுத்து ஆள் விட்டிருக்கலாம் என்றார். என் முறை வந்தது. இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றேன். சாளையைப் பற்றி வாத்தியார் எழுதியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். காகம் கொண்டுவந்து போட்டதாகத் தெரிகிறது என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

வேறே ஏதாவது குறை உண்டா என்று முதலாளி அவனைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"வெள்ளம் குடிக்கியதுக்கு எல்லாருக்கும் டம்ளரு. எனக்கு மட்டும் செரட்ட."

கமிட்டிக்கு உயிர் வந்தது. இது எங்களால் சரிசெய்ய முடிகிற குறை. கத்தியது யார் என்று கண்டுபிடிக்க வேண்டாம், யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம், ஒரு டம்ளரோடு முடிந்துவிடும். அவனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பேசினோம். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. கோப்பை வாங்கிக் கொடுத்தவனுக்குக் கமிட்டி சார்பில் ஒரு புது டம்ளர் பரிசு கொடுக்கலாம், அதில் அவன் பேரை வெட்டலாம் என்றேன். எங்கள் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் உள்ளே கொண்டுவர மாட்டோம். கல்யாண வீட்டுக்கு இரவல் போனாலும் பேரைப் பார்த்துத் திரும்பி வந்துவிடும். இன்னார் பாத்திரம் இன்னாருக்கு. எல்லோருக்கும் யோசனை பிடித்துப்போனது. அத்தான் என் முதுகில் தட்டினார். முதலாளி ஒன்று சேர்த்தார்: பரிசு வாங்கும்போது அவன் மைக்கில் வந்து, அன்று என் காதுக்குத் தப்பாகக் கேட்டுவிட்டது என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஊர்ப் பேரும் கெடாது, அவன் வேலையும் நிலைக்கும். கடைசி வார்த்தையைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

பாத்திரக் கடைக்குப் போனது நான். பேர் வெட்டுகிறவர் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தினார். இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தாகப் போடுங்கள், தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று சொல்லி வாங்கினேன். நான் என்ன சொல்கிறேன் என்பது அப்போது எனக்கே விளங்கவில்லை. மற்றவர்கள் கை தவறி எடுத்துவிடக்கூடாது, அதுதான் என் கவலை. மரியாதை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே அதைச் செய்தேன்.

பரிசளிப்புக்கு முந்தின நாள் அவன் கடைக்கு வந்தான். முதலாளி எல்லாம் சொல்லிவிட்டிருந்தார். அப்பா உள்ளே புளி நிறுத்துக்கொண்டிருந்தார். அவன் கடைப் படியில் ஏறாமல் கீழே நின்றான்.

"அண்ணே, நீங்க அன்னைக்கு அங்க நின்னியல்லா. விளிச்சது கேட்டியளா?"

"கூட்டத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல மக்கா."

"நீங்க ஒராளு கேட்டேன்னு பறஞ்சா போதும். வேற ஆரும் வேண்டாம்."

"கேக்காதத எப்படி பறய?"

அவன் கேட்டான்:

"வடக்கன் பனையேறின்னு விளிச்சது மட்டும் கேட்டுதா? அது அந்தக் கரையில இருந்துல்லா?"

எனக்குக் கோபம் வந்தது. பிடிபட்டவனுக்கு வருகிற கோபம். சோறு போடுகிற ஊரைப் பழி சொல்லாதே என்றேன். அவன் திரும்பி நடந்தான். சந்தை முக்கு வரைக்கும் அவன் முதுகு தெரிந்தது. அத்தான் எறிந்த சாளை பட்ட இடம் எது என்று என் கண் தேடியது. வெறும் சட்டைதான் தெரிந்தது.

பரிசளிப்பைப் பள்ளிக்கூட முற்றத்தில் பந்தல் போட்டு நடத்தினார்கள். அந்தக் காலத்தில் எந்தக் கூட்டமானாலும் தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்று பேச ஒருவர் வந்துவிடுவார். அன்றும் வந்தார். தமிழன் என்றால் மலையும் கடலும் ஒன்று, நம்முள் பேதம் கிடையாது என்றார். கை தட்டினோம். பிறகு லெப்ட் அவுட்டைக் கூப்பிட்டார்கள். முதலாளி டம்ளரைக் கொடுத்தார். தட்டில் வைத்துக் கொடுத்தார். எல்லா ஆட்டக்காரர்களுக்கும் சம்பாரம் ஊற்ற நான் குடத்தோடு மேடைக்குப் பக்கத்தில் நின்றேன்.

அவன் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெட்டியிருந்த பேரை வாய்க்குள் வாசித்தான். நேரே என்னிடம் வந்து நீட்டினான். நான் ஊற்றினேன். பாதி குடித்தான். மீதியோடு முதலாளி முன்னால் போய் நின்றான்.

"மொதலாளி, நீங்க ஒரு மடக்கு குடியுங்க. பின்ன நான் மைக்கில பறயேன், நான் கேட்டது தப்புன்னு."

பந்தலில் எல்லோருக்கும் காது திரும்பி வந்துவிட்டது. முதலாளி சிரித்தார். நெஞ்சில் கை வைத்து, எனக்குச் சளி என்றார். அவன் வாத்தியாரிடம் நீட்டினான். வாத்தியார் நோட்டைப் புரட்டினார். ஜவுளிக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தான் நாற்காலியை விட்டு எழுந்து பின்னால் போனார். கடைசியில் அவன் என் முன்னால் வந்தான்.

"அண்ணே."

அவ்வளவுதான் சொன்னான். டம்ளர் என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நானே கலக்கிய சம்பாரம். நானே வாங்கிய டம்ளர். என் கையில் குடம் இருந்தது. கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. என் அப்பா முன்வரிசையில் இருந்தார். சபையார் இருந்தார்கள். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். இதெல்லாம் பிறகு யோசித்துக் கண்டுபிடித்த காரணங்கள். அந்த நேரத்தில் என் மனசில் காரணம் ஒன்றும் ஓடவில்லை. கை போகவில்லை, அவ்வளவுதான்.

அவன் மீதியைத் தரையில் ஊற்றினான். டம்ளரை மேடை விளிம்பில் வைத்தான். மைக்கிடம் போகாமல் படியிறங்கிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஊர் என்ன பேசியது என்று கேளுங்கள். கர்வம் பிடித்தவன். இடம் கொடுத்தால் மடியில் ஏறுகிற சாதி. தூக்கி வைத்துக் கொண்டாடினோம், நம்மை நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்திவிட்டான். எறிந்தவன் அசிங்கப்படுத்தவில்லை, எறிந்ததைச் சொன்னவன் அசிங்கப்படுத்தினான். திங்கட்கிழமை சூளைக்குப் போனபோது ஓடு அடுக்க ஆள் வேண்டாம் என்று வாசலிலேயே சொன்னார்கள். சாய்ப்பில் இருந்த அவன் பாயையும் சட்டையையும் வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். அடுத்த வருஷம் முதல் போட்டியிலேயே தோற்றோம். அதற்கும் அவன்தான் காரணம் என்றார்கள்.

டம்ளர் கமிட்டி அலமாரியில் கிடந்தது. யாரும் அதில் குடிக்கவில்லை. ஒரு நாள் அதை எடுத்துக் கடையில் வைத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. கல்லாவுக்குப் பக்கத்தில் அந்தப் பேர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மீன்காரி ஒருத்தி கடையில் உப்பு வாங்க வருவாள். அவள்தான் சொன்னாள், அந்தப் பையன் கால் போய்விட்டது என்று. அலையில் கட்டுமரம் கரையேறும்போது புரண்டு இடது முட்டியில் அடித்துவிட்டதாம்.

இரண்டு பஸ் மாறிக் கடியப்பட்டணம் போனேன். சென்னை ராஜ்யத்தோடு எங்களைச் சேர்ப்பதற்குச் சில மாதங்கள் முந்தி அது. நல்ல வெயில். கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். ஓலை வீட்டுக்கு முன்னால் அவன் காலை நீட்டி உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தான். இடது முட்டி மடங்கவில்லை. அவன் அம்மை கொஞ்சம் தள்ளி மீனைக் கீறி உப்பு வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவனுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

காகிதத்தில் சுற்றியிருந்த டம்ளரை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"அன்னைக்கு விளிச்சது ஆருன்னு ஒனக்குத் தெரியுமில்லா?" என்றான். முன்பெல்லாம் அண்ணே, நீங்கள் என்று பேசியவன்.

தெரியும் என்றேன். எறிந்ததும் தெரியும் என்றேன்.

"அப்ப எனக்க அம்மையிட்ட பற."

நான் அந்த அம்மாளிடம் போய் நின்று சொன்னேன். கத்தியதும் எறிந்ததும் என் அத்தான், நான் பக்கத்தில் நின்றேன், எல்லாம் கேட்டது, கேட்கவில்லை என்று பொய் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"காக்கான்னுல்லா எழுதி வச்சிய. படிச்சவிய, கோயிலுக்குப் போறவிய, பொய் எழுதுவியளான்னு நெனச்சேன். கெடச்ச வேலைய அகங்காரத்துல விட்டுட்டு வந்துட்டான்னு எம்பிள்ளய நான் வாரியலால அடிச்சேன். நீயும் மரத்துல போ லேன்னு நாந்தான் அனுப்புனேன்."

அவள் அழவில்லை. ஏசவும் இல்லை. நான் நீட்டிக்கொண்டே நின்ற டம்ளரை வாங்கிக் காகிதத்தைப் பிரித்தாள். எழுத்தைத் தடவிப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அது என்ன எழுத்து என்று கேட்கவும் இல்லை. உப்புச் சாக்கில் விட்டு ஒரு டம்ளர் அள்ளி மீன் மேல் தூவினாள். பிறகு இன்னொரு டம்ளர்.

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன். வாய் வரவில்லை. அவனும் அதற்காகக் காத்திருந்த மாதிரித் தெரியவில்லை. வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், நாலு மணிக்கு ஒரு பஸ் உண்டு, அதை விட்டால் நடக்க வேண்டும் என்று மட்டும் சொன்னான்.

மணலில் நடந்து ரோட்டுக்கு வந்தேன். தொண்டை ஒட்டிப்போயிருந்தது. அந்த வீட்டு வாசலில் மண்பானையில் வெள்ளம் இருந்ததைப் பார்த்தேன். கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். எதில் ஊற்றித் தருவார்களோ என்று பயந்துதான் நான் கேட்கவில்லை.